சிறுநீரில் புரதம்: மலையில் நாம் செய்யும் தவறுகள்

யூரின் ரிப்போர்ட்டில் 'அல்புமின் 1+' (அல்புமின் ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்) என்று வந்துவிட்டால் சில வீடுகளில் கிட்னியே போய்விட்டதாக அழுகை. பல வீடுகளில் "வலி ஒண்ணும் இல்லையே" என்று ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இந்த இரண்டாவது ரகம்தான் அதிகம். எனக்குக் கவலையும் அவர்களைப் பற்றித்தான்.

சாம்பிள் கொடுக்கும் நேரத்திலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. காய்ச்சலோடு போனாலும், கொழுந்து மூட்டையைச் சுமந்து மேடு ஏறிய கையோடு போனாலும், நல்ல சிறுநீரகம்கூடக் கொஞ்சம் புரதத்தை வெளியே விடும். கடுங்குளிரும் அப்படித்தான். ஓரிரு நாளில் தானாகச் சரியாகிவிடும். வளரும் பிள்ளைகள் சிலருக்குப் பகலெல்லாம் நின்று நடந்தால் புரதம் இறங்கும், படுத்து எழுந்த காலைச் சிறுநீரில் இருக்காது. அதனால்தான் காலையில் போகும் முதல் சிறுநீரைக் கேட்கிறார்கள். அதிலும் முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களிலும், சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று மலைக்கே உரியது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் தாகமே தெரியாது. டீ தவிர வேறெதுவும் உள்ளே போகாது, சிறுநீர் அடர்மஞ்சளாகிவிடும். ஸ்டிரிப்பில் இருக்கும் மஞ்சள் கட்டம் எவ்வளவு பச்சையாகிறது என்று வண்ண அட்டையோடு வைத்துப் பார்ப்பதுதான் சாதாரண டெஸ்ட். அது காட்டுவது செறிவை மட்டும். அடர்ந்த சிறுநீரில் கொஞ்சம் புரதமே 1+ ஆகிவிடும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் உள்ள புரதமும் 'நில்' (இல்லை) ஆகிவிடும். ஆகவே அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள் (கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு). ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சரி. 30 முதல் 300 வரை எச்சரிக்கை. அதற்கு மேல் போனால் தாமதிக்கக் கூடாது. எதுவானாலும் மறுபடி பார்த்து, மூன்று மாதத்துக்கும் மேல் நீடிக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் நாள்பட்டது என்று சொல்ல வேண்டும்.

"ரத்தத்தில் கிரியாட்டினின் நார்மல்தானே" என்று விடுவது அடுத்த தவறு. சர்க்கரை உள்ளவர்களில் பலருக்குப் புரதம் முதலில் கசியும், கிரியாட்டினின் ஏறுவது பல ஆண்டுகள் கழித்து. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை இந்த விகிதத்தைப் பார்த்தே ஆக வேண்டும். புரதம் கசிபவர்களுக்கு மாரடைப்பு ஆபத்தும் கூடுகிறது. கூடலூர்ப் பக்கப் பழங்குடி மக்களிடம் பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. இந்தியாவில் அது முதலில் பதிவானதே 1952-ல் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். அந்த நோயும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அது உள்ள பிள்ளைகளுக்குப் பத்து வயதிலிருந்தே ஆண்டுதோறும் சிறுநீர் பார்ப்பது நல்லது.

காலையில் இமை வீங்கியிருந்தால் "குளிருக்கு முகம் ஊதியிருக்கு" என்பார்கள். மாலையில் பூட்ஸ் கழற்ற வரவில்லை என்றால் தோட்டத்தில் நின்ற அலுப்பு என்பார்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். குழி அப்படியே நின்றால் அது அலுப்பு இல்லை. ரத்தத்தில் நீரைப் பிடித்து வைப்பது அல்புமின். நாளுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் போனால் நீர் சதைக்குள் இறங்கிவிடும். ரத்தம் உறையாமல் காக்கும் புரதமும் கூடவே போவதால் ரத்தக் கட்டி வரும், தொற்றும் எளிதில் பிடிக்கும், கொலஸ்டிரால் ஏறும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு திணறினாலோ காத்திருக்க வேண்டாம்.

கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்குப் பிறகு பிரஷரோடு புரதமும் சேர்ந்தால் அது வேறு விவகாரம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மலைப்பாதையில் ஆஸ்பத்திரி போய்ச் சேரவே நேரம் பிடிக்கும்.

சாப்பாட்டில் நடப்பது வேடிக்கை. பருப்பையும் முட்டையையும் அடியோடு நிறுத்திவிட்டு ஊறுகாயும் கருவாடும் தாராளமாகப் போகும். கசிவு சிறுநீரகம் என்னும் சல்லடையின் கோளாறு, பருப்பின் குற்றமல்ல. குறைக்க வேண்டியது உப்பு. புரதத்தின் அளவை டாக்டர் சொல்லட்டும். ஜிம் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மாத்திரையிலும் ஒரு குழப்பம். டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்றவற்றைப் பிரஷருக்கு மட்டுமல்ல, புரதக் கசிவைக் குறைக்கவும் தருகிறார்கள். "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பத்துக்கு முயல்பவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், கர்ப்பத்தில் அவை ஆகாது. முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் தொடர்ந்து போனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். முகம் வெளுக்கப் பூசும், லேபிள் சரியில்லாத கிரீம்களும் அப்படியே. பாதரசம் கலந்த அவற்றால் சிறுநீரில் புரதம் கொட்டியவர்கள் நமக்குப் பக்கத்து மலப்புரத்திலேயே 2023-ல் கண்டறியப்பட்டார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த டப்பாவையும் எடுத்துப் போங்கள்.