சாறன் இல்லாத சாறன் கடிதம்

மருதமுனையில் தறி வைத்துச் சாறன் நெய்யும் ஒருவர், கொழும்புக் கடையொன்றுக்கு அனுப்பும் கடிதத்தை என்னிடம் டைப் செய்யக் கொண்டுவந்தார். “நிலைபேறான உற்பத்திகள் ஊடாகத் தங்கள் நிறுவனத்துக்குப் பெறுமதி சேர்க்கும் பங்காளராக இணைய விரும்புகின்றோம்.” இப்படியே இரண்டு பக்கம். சாறன் என்ற சொல் மருந்துக்கும் இல்லை.

இது எங்கிருந்து வந்தது என்று எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு கல்முனையிலும் கல்லடியிலும் தொண்டு நிறுவனங்கள் நிறைந்தன. வலுவூட்டல், திறன் விருத்தி என்று அவர்களுடைய பாஷையில் எழுதிப் பழகினோம். பல நிறுவனங்கள் எப்போதோ மூட்டை கட்டிவிட்டன, சொற்களை விட்டுவிட்டு.

நிதி தருபவருக்கு எழுதியதுபோல வாங்குபவருக்கும் எழுதுவதுதான் தவறு. கடைக்காரருக்கு வேண்டியது பொருள், எண்ணிக்கை, விலை, நாள். “பருத்திச் சாறன், 60ஆம் நம்பர் நூல், 100 உருப்படி” என்று மாற்றினேன். “நூல் நம்பர் மட்டும் எல்லாருக்கும் விளங்குமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசாகும். துணி வியாபாரிகள் இருவர் அதை இரண்டு விதமாக விளங்கிக்கொள்ள மாட்டார்கள். அந்த மாதிரித் தொழிற்சொல் இருக்கட்டும். ‘பெறுமதி சேர்த்தல்’ எதை அளக்கிறது?

சாதாரணச் சொல்லும் காலை வாரும். சம்மாந்துறைப் பக்கம் “நல்லாக் காய்ந்த நெல்” என்று பேசி முடித்துவிட்டு, லொறி வந்து நிற்கும்போது சண்டை பிடிப்பார்கள். நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதன். அப்படி ஓர் எண்ணை எழுதிவிடலாமே. ‘மூடை’ என்றால் எத்தனை கிலோ என்பதையும்.

நானும் ஒருமுறை மாட்டினேன். “பெருநாளுக்கு முன்னர் சரக்கு வந்து சேரும்” என்று அடித்துக் கொடுத்தேன். நோன்புப் பெருநாளா, ஹஜ்ஜுப் பெருநாளா? நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல். வாங்கியவர் முந்தியதை நினைத்தார், நெய்தவர் பிந்தியதை. இப்போது திகதி கேட்காமல் விரலை எடுத்துக் கீபோர்ட்டில் வைப்பதில்லை.

சாறன்காரரின் கடிதம் ஏழு வரியில் முடிந்தது. அவருக்கு மனம் ஆறவில்லை. “ஒரு இடத்திலயாவது அந்த நிலைபேறானைப் போடுங்க தம்பி.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“கனகாலம் நிற்கும் எண்டதுதான்.”

‘சாயம் போகாது’ என்று போட்டுக்கொடுத்தேன்.