எஸ்.ஜி.பி.டி. இறங்கிவிட்டதா? உடனே நிம்மதி வேண்டாம்

வார்டுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களிடம் கல்லீரல் அழற்சி விஷயத்தில் வருஷா வருஷம் அதே தவறுகளைப் பார்க்கிறேன். சில்லறைத் தவறுகள் போகப் போகச் சரியாகிவிடும். இவை அப்படியல்ல.

எண்ணை மட்டும் பார்ப்பது

"சார், எஸ்.ஜி.பி.டி. ரெண்டாயிரத்துல இருந்து நானூறுக்கு வந்துடுச்சு. டிஸ்சார்ஜ் போடலாமா?"

ஹெபடைடிஸ் ஏ வந்த கல்லூரி மாணவன். எண் சரிதான். ஆனால் அதே ரிப்போர்ட்டில் காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் 14-லிருந்து 22-க்கு ஏறியிருந்தது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை எழுதவே இல்லை. "பகல் பூரா தூங்குறான் டாக்டர், ராத்திரி கண்ணே மூட மாட்டேங்குறான்" என்றார் அம்மா. கையை நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னேன். நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டது. கல்லீரல் தளர்ந்து மூளை மங்குவதன் அடையாளம். ஐ.என்.ஆர். 3.1.

எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் நொதி. செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். புகை நின்றால் தீ அணைந்திருக்கலாம். எரிய மிச்சம் இல்லாமலும் போயிருக்கலாம். எது என்று சொல்வது ஐ.என்.ஆர். ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல்தான் செய்கிறது. அவற்றில் ஏழாம் காரணி சில மணி நேரமே தங்கும். அதனால் உற்பத்தி நின்றால் சீக்கிரமே தெரிந்துவிடும். ஐ.என்.ஆர். 1.5-க்கு மேல் போய், கூடவே மனக்குழப்பமும் இருந்தால் அன்றைக்கே கல்லீரல் மாற்று அறுவை வசதியுள்ள இடத்தோடு பேச வேண்டும்.

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது வேறு. ராத்திரி கத்துகிறான் என்று தூக்க ஊசி எழுதி வைத்திருந்தார்கள்! தூங்க வைத்துவிட்டால் நினைவு மங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? முதலில் சர்க்கரையைப் பாருங்கள், கல்லீரல் தளர்ந்தால் அதுவும் விழும். பையன் அறுவை இல்லாமலே தேறினான். அதில் நம் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை.

"மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்பது

"இல்லை" என்றுதான் பதில் வரும். மூட்டுவலிச் சூரணத்தையும் ஜிம் பவுடரையும் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேளுங்கள். காசநோய் மாத்திரைகளில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பதம் பார்க்கும். தினமும் குடிப்பவருக்கும் சாப்பிடாமல் கிடப்பவருக்கும் பாராசிட்டமாலில் நாளுக்கு 4 கிராம் வரம்பு பொருந்தாது, குறைத்துக் கொடுங்கள்.

கர்ப்பிணியின் காமாலையை நாளைக்குத் தள்ளுவது

கூடவே கூடாது. கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ உயிரைக் குடிக்கும்.

குடியைப் பற்றி ஒரு தடவை கேட்பது

இன்னொரு நொதியான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்கு இருந்தால் மறுபடியும் கேளுங்கள், தனியாக.

ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ், எஸ்.ஜி.பி.டி. நார்மல், "ஒண்ணுமில்லை"

வைரஸ் அளவைப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குப் பரிசோதனை, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி. இரண்டையும் எழுதாமல் சீட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.