குச்சியைக் கட்ட வேண்டியது யார்? ஒன்றாம் வகுப்புச் செயல்பாடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்றாம் வகுப்புக்கு வந்த முதல் ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். மொத்தம் நாற்பது கட்டுகள். மறுநாள் வகுப்பில் “இருபத்து மூன்று எடுங்கள்” என்றதும் பிள்ளைகள் இரண்டு கட்டையும் மூன்று குச்சியையும் சரியாக எடுத்து நீட்டினார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரம் ஒரு பையன் கையில் ஒரு கட்டைக் கொடுத்து, “இதில் எத்தனை இருக்கு?” என்று கேட்டேன். “ஒண்ணு டீச்சர்” என்றான்.

அவன் பார்வையில் அது சரிதான். அவன் கையில் இருந்தது ஒரு கட்டு. பத்துக் குச்சிகள் சேர்ந்து அந்தக் கட்டு ஆன நேரத்தில் அவன் அங்கே இல்லை. அது என் வீட்டுக் கூடத்தில் நடந்து முடிந்துவிட்டது. எண்ணுவது, பத்து வந்ததும் நிறுத்துவது, கட்டுவது என்று அவன் கற்க வேண்டிய பகுதியை எல்லாம் நானே செய்துவிட்டு, எடுத்துக் காட்டுவதை மட்டும் அவனிடம் விட்டிருக்கிறேன். அதன் பிறகு நான் செய்த தவறுகளையும் மற்ற வகுப்புகளில் பார்த்தவற்றையும் யோசித்தால், பெரும்பாலும் இதே தவறுதான் வேறு வேறு உருவில் வருகிறது. பிள்ளையின் கைக்கு வேலை கொடுக்கிறோம், அது யோசிக்க வேண்டிய இடத்தை நாமே எடுத்துக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டில் செயல்பாடுகளுக்குப் பஞ்சம் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-ல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றலில் அட்டைகளும், பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று காட்டும் ஏணிப்படியும் இருந்தன. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடலும் கதையும் விளையாட்டும் இருக்கின்றன. அதனால் புதிய செயல்பாடுகளைச் சொல்ல நான் இதை எழுதவில்லை. கையில் இருப்பவை எந்த இடத்தில் வீணாகின்றன என்பதுதான் என் கவலை.

கட்டிக் கொடுத்த பத்து

குச்சிக்கே வருகிறேன். இப்போது நான் கட்டுகளாகக் கொடுப்பதே இல்லை. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு முப்பது, நாற்பது உதிரிக் குச்சிகளைக் குவித்துவிட்டு, எத்தனை என்று கேட்கிறேன். எண்ணுவார்கள், நடுவில் யாராவது பேசுவார்கள், எண்ணிக்கை தப்பும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இரண்டு முறை இப்படி ஆன பிறகு, “எண்ணினதைத் தனியா வைக்கலாமா?” என்று ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் ரப்பர் பேண்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். சிலர் ஐந்தாகக் கட்டுவார்கள், கட்டட்டும். பத்தாகக் கட்டினால் எண்ணின் பெயரிலேயே கட்டுகளின் எண்ணிக்கை தெரிந்துவிடுகிறது என்பதை அப்புறம் ஒப்பிட்டுக் காட்டலாம்.

ஒருமுறை ஒரு சிறுமி ஒன்பது குச்சிகளைக் கட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் பிரித்து எண்ணி, “இது பத்து இல்ல” என்று சண்டைக்குப் போனாள். நான் தலையிடவில்லை. அந்த இரண்டு நிமிடச் சண்டையில் இடமதிப்பைப் பற்றி அவர்கள் கற்றது, நான் அரை மணி நேரம் கரும்பலகையில் விளக்கியிருந்தாலும் வந்திருக்காது.

கட்டைப் பிரிப்பதும் இதே அளவுக்கு முக்கியம். இருபத்து மூன்றிலிருந்து ஐந்தை எடுக்கச் சொன்னால், உதிரியாக மூன்றுதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரிக்கலாமா என்று தயங்குவார்கள். கட்டியவர்கள் அவர்களே என்றால் பிரிக்கத் தயக்கம் குறைவு. நான் கட்டிக் கொடுத்ததை யாரும் பிரிக்கவே துணியவில்லை.

இந்த நேரத்தில் நாணயங்களைக் கொண்டுவராதீர்கள். கடை விளையாட்டு பிள்ளைகளுக்குப் பிடிக்கும், உண்மை. ஆனால் பத்து ரூபாய் நாணயத்துக்குள் பத்து ஒரு ரூபாய்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைப் பத்து என்று நம்பத்தான் வேண்டும், எண்ணிப் பார்க்க முடியாது. குச்சிக் கட்டில் பத்து பழகிய பிறகு நாணயம் வரட்டும்.

இருபத்தைந்து எழுதச் சொன்னால் 205 என்று எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று நினைத்துவிடுகிறோம். அது மிகக் கவனமாகக் கேட்டிருக்கிறது. இருபது என்று காதில் விழுந்தது, 20 எழுதியது. ஐந்து விழுந்தது, 5 எழுதியது. சிவப்புப் பேனாவால் அடிப்பதற்குப் பதில், நீளமான 20 அட்டையின் பூஜ்ஜியத்தின் மேல் 5 அட்டையைத் தானே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்ஜியம் மறைந்தாலும் அடியில் இருபது அப்படியே இருக்கிறது. தூக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்வார்கள்.

தொண்ணூறில் இன்னொரு சிக்கல். அந்தச் சொல்லுக்குள்ளேயே நூறு ஒலிக்கிறது. தமிழில் ஒன்பது மட்டும் தன் வரிசையின் பெயரை விட்டுவிட்டு அடுத்த வரிசையின் பெயரைக் கடன் வாங்கிக்கொள்கிறது: ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். அதனால் தொண்ணூறு என்றதும் சில பிள்ளைகள் 100 எழுதுவதில் ஆச்சரியம் இல்லை. ஒன்பது கட்டுகளை வரிசையாக வைத்து, பெயரைச் சொல்லி, பக்கத்தில் பத்துக் கட்டுகளையும் வைத்துக் காட்டினால் குழப்பம் மெல்லத் தீரும்.

பாட்டாகச் சொல்வதும் எண்ணுவதும்

நூறு வரை ராகத்தோடு சொல்லும் பிள்ளைக்கு எண்ணத் தெரியும் என்று பெற்றோரும் நாமும் நம்பிவிடுகிறோம். ஏழு புளியங்கொட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள். வாய் ஓடும் வேகத்துக்கு விரல் ஓடாது. ஒன்றை இரண்டு முறை தொடும், ஒன்றைத் தாண்டிப் போகும். நாம் பொறுமையிழந்து, நம் விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி “இப்ப சொல்லு” என்போம். அப்போது ஒரு சொல்லுக்கு ஒரு கொட்டை என்ற பொருத்தத்தைச் செய்வது நம் விரல்தான். கொட்டையைப் பிள்ளையே நகர்த்தட்டும், மெதுவாக ஆனாலும்.

எண்ணி முடித்ததும் கொட்டைகளைக் கையால் மூடி, “மொத்தம் எத்தனை?” என்று கேட்க வேண்டும். கையை விலக்கி மறுபடி முதலிலிருந்து எண்ண முயன்றால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். எப்போதும் நேர்கோட்டில் அடுக்கிக் கொடுப்பதும் தவறு. வட்டமாக வைத்தால் எங்கே தொடங்கினோம் என்பதை நினைவில் வைத்தாக வேண்டும். அங்கேதான் யோசனை தொடங்குகிறது.

இதற்குப் பல்லாங்குழியைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. பதினான்கு குழிகள், ஒவ்வொரு குழிக்கும் ஒரு காய் போட்டுக்கொண்டே போவது. ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது விளையாட்டின் விதியாகவே இருக்கிறது. அதிலும் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளலாம் என்ற வழக்கம் இருக்கிறதே, அது பெரிய விஷயம். எதிராளி கவனிப்பதற்குள் ‘பசு’ சொல்ல வேண்டுமென்றால் எண்ணிக்கொண்டிருக்க முடியாது, பார்த்ததும் நான்கு என்று தெரிய வேண்டும். எண்ணாமல் பார்வையிலேயே அளவை அறிவது கூட்டலுக்கு அடித்தளம். ‘சீக்கிரம் முடிக்கட்டும்’ என்று டீச்சர் பசுவைச் சுட்டிக்காட்டிவிட்டால் அது போய்விடும்.

காய்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அழகாக இருக்கிறது என்று குன்றிமணியைக் கொண்டுவராதீர்கள், அது கடுமையான நச்சு விதை. ஆமணக்கு விதையும் அப்படித்தான். புளியங்கொட்டை நஞ்சில்லை என்றாலும் மூக்கிலும் காதிலும் போகும் அளவு. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணியே வாங்க வேண்டும். அதைப் பிள்ளைகளையே எண்ணவைத்தால் அதுவும் பாடம்.

பசை காயும் நேரமும் எழுத்தும்

பெரிய ‘அ’ வரைந்து அதன் மேல் பருப்பு ஒட்டுவது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. நானும் பல முறை செய்திருக்கிறேன். நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடமும் பிள்ளையின் மனதில் இருப்பது பசையும் பருப்பும்தான். எழுத்து எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைகிறது என்பது அதில் வராது, ஏனென்றால் எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் ஒட்டலாம். ‘அ’ என்ற ஒலியை ஒரு தடவைகூடச் சொல்லாமல் அழகான அட்டையை முடித்துவிட முடியும்.

திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிய பிள்ளைகள் எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்கள். 1907-ல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவும்போதே ஒலியையும் சொல்லவைத்தார். இரண்டிலும் விரலும் வாயும் ஒன்றாக ஓடுகின்றன. தட்டில் மணலோ ரவையோ பரப்பினால் போதும், ஐந்து நிமிட வேலை. பிள்ளையின் கையைப் பிடித்து நாம் எழுதவைக்க வேண்டாம். நம் எழுத்தைப் பார்த்துவிட்டு அது தனியாக முயலட்டும், கோணலானால் தட்டை அசைத்துவிட்டு மறுபடி எழுதட்டும்.

அடுத்தது, மெய்யெழுத்தின் பெயர். க் என்பதை ‘இக்’ என்றும் ம் என்பதை ‘இம்’ என்றும் சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு எழுத்தட்டைகளைச் சேர்த்து ‘பட்டம்’ வாசிக்கச் சொன்னால், பிள்ளை “ப, இட், ட, இம்” என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். நாம் உடனே “பட்டம்” என்று சொல்லிக் கொடுத்துவிடுவோம். சேர்க்கும் வேலை நம்முடையதாகிவிட்டது. புள்ளி எழுத்தைத் தனியாகப் படிக்கவைக்காமல் முந்தைய எழுத்தோடு ஒட்டி, பட்-டம் என்று கைதட்டிச் சொல்லவைத்தால், அட்டைகளையும் அதே இரண்டு குவியலாக அவர்களே பிரித்து வைக்கிறார்கள்.

படஅட்டைகளில் இன்னொரு கோளாறு. ‘ஓ’ என்று போட்டு ஓடத்தின் படம் இருக்கும். பிள்ளை “படகு” என்று சொல்லும். ‘ஃ’ என்று போட்டு எஃகுப் படம் இருக்கும், பிள்ளைக்கு அது கம்பி. தவறு அட்டையில்தான். படத்தைக் காட்டி எழுத்தைச் சொல்வதற்கு முன்னால் “உங்க வீட்டுல இதை என்னன்னு சொல்வீங்க?” என்று கேட்டுவிடுங்கள். ஓணானோ ஓலையோ அவர்கள் பார்த்ததாக இருந்தால் அதையே வரையச் சொல்லலாம்.

உயிர்மெய்க்கு நகரும் அட்டைகள் செய்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணைக்காலுக்கு ஓர் அட்டை செய்தால் எல்லா மெய்க்கும் பொருந்தும். 1978-ல் தமிழ்நாட்டில் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ணா, றா, னா மூன்றும்கூட அந்த வரிசைக்குள் வந்துவிட்டன. ஆனால் உகரத்துக்கு ஒரே அட்டை செய்ய முடியாது. கு, சு, து மூன்றும் மூன்று விதம். ஒரே அட்டையைச் செய்து கொடுத்துவிட்டு, பிள்ளை ‘சு’வை ‘கு’ மாதிரி வளைத்தால் திட்டுவது நியாயம் இல்லை. கொம்பிலும் ஒரு சிக்கல் உண்டு: ‘கெ’ என்றால், காதில் க் முதலில், எ பிறகு; கண்ணில் கொம்பு முதலில், க பிறகு. அதனால் முதலில் இரண்டு ஒலிகளையும் சேர்த்துச் சொல்லவிட்டு, அப்புறம் கொம்பு அட்டையை எங்கே வைப்பது என்று பிள்ளையே தேடட்டும். ‘கொ’ வரும்போது கொம்பை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் வைக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

க, கா, கி, கீ என்று அட்டவணையை வரிசையாகப் பாடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள், பலர் முதலிலிருந்து பாடி அங்கே வந்து சேர்வார்கள்.

வெள்ளிக்கிழமை குச்சி, திங்கள்கிழமை நோட்டு

பொருள், படம், குறியீடு என்று கற்றல் நகர்வதை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் விளக்கினார். நம் வகுப்புகளில் நடுவில் உள்ள படம் பல நேரம் காணாமல் போகிறது. வெள்ளிக்கிழமை வரை குச்சி, திங்கள்கிழமை நோட்டில் 5 + 3. அல்லது பாடநூலில் அச்சிட்ட படத்தை நடுப்படி என்று எடுத்துக்கொள்கிறோம். அது இன்னொருவர் வரைந்த படம். பிள்ளை தான் செய்ததைத் தானே வரைய வேண்டும்: ஐந்து கோடு, மூன்று கோடு, சுற்றி ஒரு வட்டம். கோணலாக இருந்தாலும் அது அவனுடைய கணக்கு. குச்சி மேசையில் இருக்கும்போதே பக்கத்தில் எண்ணையும் எழுதவிட்டால், இரண்டும் ஒன்றுதான் என்று பிடிபடுகிறது.

புதுப் பொருள் எதுவானாலும் முதல் பத்து நிமிடம் சும்மா விளையாட விடுங்கள். குச்சி கையில் வந்தால் வீடு கட்டத்தான் செய்வார்கள். அந்த ஆசை தீராமல் கணக்கு கேட்டால் காதில் ஏறாது.

செயல்பாடு முடிந்ததும் எத்தனை பேர் முடித்தார்கள் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஒரு சின்ன நோட்டில், அன்று பிள்ளைகள் சொன்னதில் இரண்டு மூன்றை அவர்கள் சொன்னபடியே எழுதி வைக்கிறேன். போன வாரம் எழுதியதில் ஒன்று: “டீச்சர், உள்ள பத்து இருக்கு, ஆனா கட்டு ஒண்ணுதானே? அப்ப ஒண்ணா, பத்தா?” இரண்டும்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது, சொல்லவில்லை. திங்கள்கிழமை அதே கேள்வியை வகுப்பு முழுவதற்கும் கேட்டுவிட்டு, உதிரிக் குச்சிகளை நடுவில் கொட்டப் போகிறேன்.