பழைய ஃபியட்ல தண்ணி எல்போ கழட்டப் போறீங்களா? இதையெல்லாம் பண்ணாதீங்க

சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, தண்ணி இல்லாம ஓட்டாதீங்கன்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். பிரீமியர் பத்மினி, அதான் நம்ம பழைய ஃபியட், வாங்கி புதுசா கை வைக்கிற பசங்க எல்லாரும் இந்த எல்போல, அதாவது இஞ்சின் ஹெட்டுல ரேடியேட்டர் ஹோஸ் மாட்டுற வளைஞ்ச குழாய்ல, மாட்டிக்கிறாங்க, நாங்க ஆரம்பத்துல பண்ணதையே அச்சுப் பிசகாம பண்றாங்க, அதான் எழுதுறேன்.

அம்பாசிடரோட பழைய 1489 சிசி இஞ்சின்ல பிளாக்கும் (இஞ்சினோட கீழ் உடம்பு) இரும்பு, ஹெட்டும் (அதை மேல மூடுற பாகம்) இரும்பு. ஃபியட்டோட 1089 சிசில பிளாக் இரும்பு, ஆனா ஹெட் அலுமினியம். ரேடியேட்டர் செம்பு பித்தளை. இது எல்லாத்துலயும் ஒரே தண்ணி சுத்தி வரும்போது முதல்ல அரிச்சுப் போறது அலுமினியம்தான். அம்பாசிடர்ல பழகுன கையோட இதுல இறங்குனா செலவுதான்.

மாட்டிக்கிட்ட நட்டை பலத்தால திருப்புறது

இன்னிக்கும் எனக்கு எரிச்சலா வர்றது இதுதான். எல்போவைப் பிடிக்கிற ஸ்டட் (தலையில்லாத போல்ட்) இரும்பு, சுத்தி இருக்கிறது அலுமினியம். வருஷக்கணக்கா போர் தண்ணி ஊத்தி ஓட்டுன வண்டில அந்த இடுக்குல வெள்ளையா உப்பு பூத்திருக்கும், அது அரிச்சுப் போன அலுமினியத்தை விட அதிக இடம் அடைக்கும், அதனால ஆப்பு அடிச்ச மாதிரி ஸ்டட்டை இறுக்கிரும். வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. நம்ம ஆளு ஸ்பேனர்ல ஒரு நீள பைப்பைச் சொருகி ஒரே இழுப்பு. படக்.

ஒரு தம்பி அதோட நிக்கல. ஒடஞ்ச ஸ்டட்டை எடுக்குறேன்னு ஹேண்ட் டிரில்லை வச்சான், பிட் இரும்பை விட்டு சறுக்கி பக்கத்துல மெத்துனு இருக்குற அலுமினியத்துக்குள்ள போய் நேரா தண்ணி ஓடுற அறையைத் தொட்டுருச்சு. "அதுவா சறுக்கிடுச்சுண்ணே"ன்றான். சறுக்கத்தான் செய்யும்டா! கேஸ்கெட் மாத்த ஆரம்பிச்ச வேலை, ஹெட்டை எறக்கி, ஓட்டையை வெல்டிங்ல அடைச்சு, லேத் பட்டறைல முகம் (கேஸ்கெட் உக்கார்ற பரப்பு) சீவி, புது மரை போட்டு முடிஞ்சுது.

துரு இளக்குற ஆயிலை முந்தின நாள் ராத்திரியே விடுங்க, சின்ன சுத்தியால லேசா தட்டுங்க. ஹீட் கன் வச்சு அலுமினியத்தைச் சூடு பண்ணுங்க, அது இரும்பை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், பிடி தளரும். அரை சுத்து இடம், அரை சுத்து வலம்னு ஆட்டி ஆட்டிதான் எடுக்கணும். கேஸ் டார்ச் மட்டும் வேணாம், சுத்த அலுமினியமே 660 டிகிரில உருகிரும், ஹெட்டுல இருக்குற கலவை அதுக்கும் முன்னாடியே உருகும், உருகுறதுக்கு முன்னாடி இரும்பு மாதிரி செவந்து எச்சரிக்கை குடுக்காது. அப்பவும் வரலையா, எல்போவை அறுத்து எடுத்துருங்க. எல்போ வேற வாங்கலாம், ஹெட் அப்படி இல்ல. ஸ்டட் ஒடஞ்சு கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருந்தா மேல ஒரு நட்டை வச்சு வெல்டு அடிக்கச் சொல்லுங்க, சாதா ஆர்க் வெல்டு அலுமினியத்துல ஒட்டாது, அந்தச் சூட்டுலயே பாதி இளகிரும்.

காஸ்டிக் சோடா போட்டு கழுவுறது

நுரைச்சுக்கிட்டு வர்றது அழுக்கு இல்ல, உங்க ஹெட்.

எம்சீல்

ஒழுகுற இடத்துல அப்புனா வீடு வந்து சேர்ற வரைக்கும்தான் தாங்கும்.

பளபளன்னு ஸ்டெயின்லெஸ் போல்ட்

பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அலுமினியத்தோட சேர்ந்தா அரிப்பு இன்னும் மோசமாகலாம். சாதா ஸ்டட்டே போதும், மரைல ஆன்டி சீஸ் (மரை மாட்டிக்காம இருக்கத் தடவுற பசை) தடவிப் போடுங்க, அடுத்து கழட்டுறவன் வாழ்த்துவான்.

முகத்தைப் பாக்காம புது கேஸ்கெட்

கண்ணாடி மேல எமரி பேப்பரை விரிச்சு எல்போவோட முகத்தைத் தேய்ங்க. குழி மறையலன்னா, ஹோஸ் உக்கார்ற கழுத்துல ஆழமா அரிச்சிருந்தா, மாத்திருங்க. கிளாம்பை எவ்ளோ முறுக்குனாலும் அங்க ஒழுகும்.

திரும்பவும் பைப் தண்ணி

டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. கலர் இன்னும் பச்சையாத்தான இருக்குன்னு விட்டுராதீங்க, அது வெறும் சாயம், அரிப்பைத் தடுக்குற மருந்து அதுக்கு முன்னாடியே தீந்திருக்கும். பாட்டில்ல போட்டிருக்குற கெடு வந்ததும் வடிச்சுட்டு புதுசு ஊத்துங்க.