வீட்டில இருந்து வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலை செய்யிற ஆக்கள் நேரத்தைக் காப்பாத்திறது எப்பிடி

"நீ வீட்டில தானே நிக்கிறாய், ஒருக்கா போய்க் கரண்ட் பில்லைக் கட்டிப்போட்டு வாவன்."

காலமை பத்து மணிக்கு அம்மா இப்பிடிக் கேக்கேக்க ஏலாது எண்டு சொல்ல என்னட்ட ஒரு காரணமும் இருக்கேல்ல, ஏனெண்டா நான் வேலை செய்யிற கொம்பனியின்ர லண்டன்காரர் அந்த நேரம் நல்ல நித்திரை. பில்லைக் கட்டி, அப்பிடியே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில மரக்கறி வாங்கி, மாமியைக் கிளினிக்கில இறக்கி, திரும்ப ஏத்திக்கொண்டு வந்து, சோத்தை வாயில போட்டுக்கொண்டு கதிரையில இருந்தா ஒண்டரை, அங்க காலமை ஒன்பது, மீற்றிங் துவங்கியிருக்கும். அவையள் அஞ்சு மணிக்கு லப்டொப்பை மூடேக்க எங்களுக்கு இரவு ஒன்பதரை. மீற்றிங்குகளால செய்யாமல் கிடந்த வேலையை அதுக்குப் பிறகு தான் தொடுறது, படுக்க ஒரு மணி தாண்டும், விடிய ஆறுக்கு மீன்காரன்ர ஹோர்ன். கொக்குவில்ல வீட்டு முன்னறையில இருந்து நாலு வருசம் இப்பிடித்தான் ஓடினது.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில கோடு போடுங்கோ எண்டு புத்தி சொல்லுற ஆக்கள் கனபேர் ஒஃபிசுக்குப் போய் வாற ஆக்கள். எங்கட பிரச்சினை வேற. பகல் வீட்டுக்காரருக்கு, இரவு கிளையன்டுக்கு எண்டு நாள் முழுக்கப் பங்கு பிரிச்சாச்சு, எங்களுக்கெண்டு ஒண்டும் மிஞ்சிறேல்ல. அதால கோட்டை ரெண்டு பக்கமும் போடவேணும், என்னைக் கேட்டா முதல்ல வீட்டுப் பக்கம்.

அதுக்கு முன்னம் ஒரு கிழமை கணக்கு எழுதுங்கோ. அப் ஒண்டும் தேவையில்லை, பழைய ஸ்கூல் கொப்பி காணும். எத்தினை மணிக்கு இருந்தீங்கள், எத்தினைக்கு எழும்பினீங்கள், நடுவில யார் கூப்பிட்டது, இரவு படுத்துக்கொண்டு போனில பாத்த மெசேஜ் எல்லாத்தையும். நான் எழுதேக்க 45 மணித்தியாலம் வரும் எண்டு நினைச்சன், வந்தது 63, அது கொம்பனி வேலை மட்டும், சந்தை கிளினிக் அதில இல்லை. இலங்கையில 1954 ஆம் ஆண்டுக் கடை அலுவலக ஊழியர் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம் தான் சாதாரண வேலைநேரம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021 இல வெளியிட்ட ஆய்வில கிழமைக்கு 55 அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற ஆக்களுக்கு, 35 இல இருந்து 40 வரை செய்யிற ஆக்களை விட பக்கவாதம் வாற ஆபத்து 35 வீதம் கூட, மாரடைப்பு மாதிரி இதய வருத்தத்தில சாகிற ஆபத்து 17 வீதம் கூட எண்டு இருக்கு. வீட்டில ஏற்கனவே சீனியும் பிரசரும் இருக்கிற குடும்பமெண்டா இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ.

சரி, வீட்டுப் பக்கம். "வேர்க் ஃப்ரொம் ஹோம்" எண்ட சொல்லை அம்மா அப்பாட்ட பாவிக்காதேங்கோ, அவையளுக்கு அதில "ஹோம்" மட்டும் தான் கேக்கும். ஆனா ஆஸ்பத்திரி நேர்ஸ்மாருக்கு நைட் டியூட்டி எண்டா ஒழுங்கை முழுக்க விளங்கிக்கொள்ளும், பகலில அந்த வீட்டுப் படலையை ஒருத்தரும் தட்டாயினம். நானும் அதையே எடுத்தன். "எனக்குப் பின்னேர டியூட்டி அம்மா, ஒண்டரையில இருந்து ஒன்பதரை." அடுத்த நாளே சித்திக்குப் போனில "அவனுக்கு இப்ப டியூட்டி, பேந்து எடு" எண்டு அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. ஏழு வருசத்தில நான் செய்த கெட்டித்தனமான வேலை அது தான் எண்டு நினைக்கிறன்.

வெளி அலுவலுகளுக்கு ரெண்டு காலமையை ஒதுக்கி முன்கூட்டியே சொல்லிவிடுங்கோ. எனக்குச் செவ்வாயும் வியாழனும். பில், வங்கி, சந்தை, மாமியின்ர கிளினிக் எல்லாம் அந்த நாளில, ஆஸ்பத்திரி திகதி மாறினா நாங்களும் மாறவேண்டியது தான், அதில வீம்பு பிடிக்கேலாது. மிச்ச நாள் காலமை நித்திரைக்கும் உங்களுக்கும். முதல் மாதம் முறுகல் வரும், "உழைக்கத் துவங்கின உடன பெரியாள் ஆகிட்டார்" எண்டும் கேக்கவேண்டி வரும், பேசாமல் இருங்கோ, பழகிடுவினம்.

இன்னொண்டு, சிரிக்காதேங்கோ, சாரத்தைக் கழட்டிப்போட்டு ஜீன்சும் சேட்டும் போட்டுக்கொண்டு இருங்கோ. சாரத்தோட இருக்கிறவனை இஞ்ச ஒருத்தரும் வேலை செய்யிறவன் எண்டு நம்பாயினம், ரெண்டு நாள் போனா அவனே நம்பமாட்டான். ஒண்டேகாலுக்குச் சைக்கிளை எடுத்து ஒழுங்கையை ஒரு சுத்துச் சுத்தி வந்து கதிரையில இருந்தா அது ஒஃபிசுக்குப் போன மாதிரி. முடிய லப்டொப்பை மேசையில விடாமல் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுறன், திறப்பு அம்மாட்ட.

இனிக் கிளையன்ட் பக்கம். ஒரு சம்பவம் சொல்லவேணும். சித்தப்பான்ர அந்தியேட்டி, கீரிமலையில. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டு இருக்க நான் வானுக்குள்ள ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலக் கோல் எண்டு இருந்தன், அது ஒண்டேகால் மணித்தியாலம் இழுத்தது, நான் வெளியால வர எல்லாரும் முழுகி முடிச்சுத் துவாயோட நிக்கினம். சித்தப்பா தான் எனக்குச் சைக்கிள் பழக்கினவர். அந்தக் கோலில என்ன கதைச்சம் எண்டு அடுத்த கிழமை யோசிச்சுப் பாத்தன், ஒரு பட்டனை எந்தப் பக்கம் வைக்கிறது எண்டது. அதில கொம்பனியைக் குறை சொல்லவும் ஏலாது, ஏனெண்டா நான் லீவு கேக்கவே இல்லை, "குடும்ப விசயம், சமாளிக்கலாம்" எண்டு நானே தான் எழுதினனான்.

அதுக்குப் பிறகு தான் மனேஜருக்கு எழுதினன். கெஞ்சாமல், காரணம் அடுக்காமல், இவ்வளவு தான்: "என்ர வேலைநேரம் இலங்கை நேரம் ஒண்டரையில இருந்து ஒன்பதரை. அதுக்குப் பிறகு வாற மெசேஜுக்கு அடுத்த நாள் பதில் தருவன். சேர்வர் விழுந்தா மட்டும் போனில எடுங்கோ." அவர் ஒரு வரியில சரி எண்டார். நாலு வருசம் பயந்தது அந்த ஒரு வரிக்கு. எல்லா மனேஜரும் அப்பிடி இல்லை எண்டு எனக்கும் தெரியும், சிலர் ஒரு மாதிரித்தான் பாப்பினம், அப்ப ஒரேயடியா எல்லாத்தையும் கேக்காமல் முதல்ல கிழமையில ரெண்டு இரவை மட்டும் கேளுங்கோ. கேட்டபிறகு நீங்களே பதினொரு மணிக்குப் பதில் போட்டால் கதை முடிஞ்சுது. குரூப் நோட்டிஃபிகேஷனை நிப்பாட்டி, கோல் மட்டும் வாற மாதிரி போனைச் செட் பண்ணுங்கோ, அவசரமெண்டா மனுசர் எடுப்பினம்.

ஒஸ்ரேலியாக் கொம்பனியெண்டா இன்னும் லேசு, அங்க 2024 ஓகஸ்ட் 26 இல இருந்து வேலைநேரம் முடிஞ்ச பிறகு வாற மெசேஜைப் பாக்காமல் விடுற உரிமை சட்டத்திலயே வந்திட்டுது, அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாட்டிலும் விசயம் அவையளுக்குப் பழக்கம். கனடா தான் கஸ்டம், ரொறன்ரோவில காலமை ஒன்பது எண்டா எங்களுக்குப் பின்னேரம் ஆறரை, அவையள் முடிக்க விடியப்புறம் ரெண்டரை. முழு நேரமும் கூட இருக்கிறன் எண்டு ஒத்துக்கொள்ளாதேங்கோ, சேர்ந்து இருக்கிற நேரம் மூண்டு மணித்தியாலம், மிச்சத்தை நான் பகலில செய்து வைக்கிறன் எண்டு துவக்கத்திலயே பேசுங்கோ.

லீவை ஜனவரியிலயே கலண்டரில போட்டிடுங்கோ. இலங்கையில பதிஞ்ச கொம்பனியில ஊழியரா இருந்தா மேல சொன்ன சட்டத்தால முதல் வருசம் முடிய வருசத்துக்கு 14 நாள் சம்பளத்தோட லீவு, அதில 7 நாள் தொடர்ந்து எடுக்கவேணும், அதை விட 7 நாள் கசுவல். நேரா வெளிநாட்டோட கொன்ராக்டில செய்யிற ஆக்களுக்கு கொன்ராக்டில என்ன எழுதியிருக்கோ அது தான், கையெழுத்துக்கு முதலே அந்தப் பக்கத்தை வாசியுங்கோ. நான் நல்லூர்த் திருவிழாவை வைச்சுத் தான் போடுறது. 25 நாளும் ஏலாது, தேரும் தீர்த்தமும் கடைசி ரெண்டு நாள், பஞ்சாங்கத்தில திகதி முன்னமே இருக்கும். லண்டன் ரீமுக்கு "எங்கட கிறிஸ்மஸ் மாதிரி" எண்டு ஒருக்கா விளங்கப்படுத்தினன், போன வருசம் அவையளே "தேர் எப்ப?" எண்டு கேட்டினம். நல்லூரில பூசை மணி யாருக்காகவும் பிந்தாது, எந்தப் பெரிய மனுசன் வந்தாலும் நேரத்துக்கு நடக்கும், நான் என்ர ஒன்பதரையையும் அப்பிடித்தான் வைச்சிருக்கிறன்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம். தேத்தண்ணி கோப்பியில இருக்கிற கஃபீன் பாதியாக் குறையவே அஞ்சு மணித்தியாலமளவில எடுக்கும், அதால ஆறுக்குப் பிறகு பிளேன்ரீ இல்லை. இரவுச் சாப்பாடு எட்டுக்கு முதல், மீற்றிங் நடந்தா கமராவை நிப்பாட்டிப்போட்டுப் புட்டைச் சாப்பிடுறன். காலமை பண்ணைப் பக்கம் ஒரு நடை.

இவ்வளவும் செய்தும் நித்திரை கொண்டு எழும்பியும் அலுப்புப் போகாமல், வேலையைக் கண்டாலே வெறுப்பா, செய்யிற ஒண்டும் சரிவராத மாதிரி மாதக்கணக்கா இருந்தா, உலக சுகாதார நிறுவனம் 2019 இல பேர்னவுட் எண்டு சொன்ன மூண்டும் அது தான், சோம்பல் இல்லை. டொக்டரைப் பாருங்கோ. 1926 க்கு எடுத்தா தேசிய மனநல நிறுவனத்தின்ர ஆக்கள் கதைப்பினம். ஊர் என்ன நினைக்கும் எண்டு யோசிக்கிறதெண்டா, ஊருக்குச் சொல்லாமல் எடுங்கோ.

கடைசியா, கன பேர் மறக்கிறது மணிக்கூடு. லண்டனில ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணி மாத்துவினம், எங்கட ஒண்டரை ரெண்டரை ஆகும், ஒன்பதரை பத்தரை ஆகும், மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் அப்பிடித்தான். ரொறன்ரோவில மாத்திறது நவம்பர் முதல் ஞாயிறு, அந்த இடைப்பட்ட கிழமையில ரெண்டு பக்கமும் ரீம் இருந்தா மீற்றிங் எல்லாம் குழம்பும், கலண்டரை ஒருக்கா சரிபாருங்கோ. எனக்கு அந்த ஒரு மணித்தியாலத்தைக் கிளையன்ட் தான் மாத்தித் தரவேணும் எண்டு கேட்டுப் பாத்தன், தரேல்ல, அதால குளிர் காலத்தில காலமை நடை ஏழுக்குத் தான். அம்மாட்டயும் இப்பவே சொல்லிவைக்கவேணும், டியூட்டி மாறுது எண்டு.