பெட்டியில் பணம் குறைந்தால்: கிளை அஞ்சலக விசாரணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளை அஞ்சலகத்தில் கேஷ் குறைகிறது என்றதும் முதலில் வரும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: “குறையுறதைக் கட்டிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்.” அந்த அப்புறம் வருவதேயில்லை. பணத்தைக் கட்டியதும் கணக்கு நேராகிவிடும், ஏன் குறைந்தது என்ற கேள்வியும் அதோடு மறைந்துவிடும். பிபிஎம் (கிளை அஞ்சலகத் தலைவர்) தானே சத்தமில்லாமல் சட்டைப்பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவதும் இதே தவறுதான். குறைந்த தொகை என்ன என்பதே முதல் தடயம். 1,500 ரூபாய் குறைந்தால் தேடும் இடம் வேறு, 1,530 குறைந்தால் தேடும் இடம் வேறு.

அதற்கு முன் குறைவு உண்மையிலேயே குறைவுதானா என்று பார்க்க வேண்டும். எண்ணும்போதே பாதி விசாரணைகள் தடம் மாறிவிடுகின்றன.

பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து எண்ணினால் பணம் குறையத்தான் செய்யும். ஏபிபிஎம் (பிபிஎம்முக்கு உதவியாளர்) மணியார்டர் தொகையோடு பீட்டில், அதாவது பட்டுவாடாச் சுற்றில் இருப்பார். அவர் கையில் எவ்வளவு போயிருக்கிறது, எத்தனை பேருக்குப் பட்டுவாடா ஆகியிருக்கிறது, வழியில் யாரிடமாவது டெபாசிட் வாங்கினாரா என்பதெல்லாம் தெரியாமல் ‘குறைவு’ என்று எழுதக் கூடாது. அவரைப் போனில் கூப்பிட்டு வரவழைத்து, அவர் பையையும் எண்ணிச் சேர்த்த பிறகுதான் கையிருப்பு எவ்வளவு என்று சொல்லலாம்.

எண்ணும்போது பிபிஎம்மை வெளியே நிற்கச் சொல்வது அடுத்த தவறு. நோட்டு அவர் கண்முன்னே எண்ணப்பட வேண்டும்; அவரே ஒருமுறை எண்ணட்டும், ஆய்வுக்கு வந்தவர் ஒருமுறை எண்ணட்டும். எத்தனை ஐநூறு, எத்தனை இருநூறு என்று ரகவாரியாக எழுதி, மணி என்ன என்றும் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வெறும் மொத்தத்தை எழுதி வைத்தால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் எண்ணுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுருக்குப் பையில் வெற்றிலையோடு மடிந்து கிடந்த நோட்டு ஈரத்தோடு வரும். இரண்டு நூறு ரூபாய் நோட்டு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பிரித்து, காற்றில் ஆறவிட்டு எண்ண வேண்டும். நூறு நோட்டுக் கட்டு என்று மேலே பட்டை சுற்றியிருந்தாலும் பட்டையை நம்பக் கூடாது. பிரித்து எண்ணினால் தொண்ணூற்றொன்பது இருக்கலாம்.

பல கிளை அஞ்சலகங்கள் பிபிஎம் வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோதான் நடக்கின்றன. அதனால் வீட்டுப் பணம் அலுவலகப் பெட்டிக்குள் வருவதும், அலுவலகப் பணம் வீட்டு அலமாரியில் இருப்பதும் சகஜம். “உள்ளே அலமாரியில இருக்கு, எடுத்துட்டு வரேன்” என்றால், அது எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்கு வந்தது என்பதைத் தனியாக எழுதுங்கள். பெட்டியில் இருந்ததோடு கலந்து ஒரே தொகையாகக் காட்டிவிடாதீர்கள். அதேபோல் “ஏபிபிஎம் அட்வான்ஸ் 500” என்று எழுதிய துண்டுச்சீட்டு கேஷ் ஆகாது.

இனி கணக்கு. ஒரு நாள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முந்தைய நாள் இருப்பு 14,260. கிளையின் கணக்கைப் பார்க்கும் மேல் அஞ்சலகமான கணக்கு அலுவலகத்திலிருந்து பையில் வந்தது 20,000. சேமிப்பு, ஆர்டி (தொடர் வைப்பு), கிராமிய அஞ்சல் காப்பீடு வரவு 8,450. தபால்தலை விற்பனை 185. ஆக 42,895. கொடுத்தது: சேமிப்புக் கணக்கில் 9,500, ஆதார் கைரேகை வைத்து எடுத்தவர்களுக்கு 17,000, மணியார்டர் இரண்டு 2,400. ஆக 28,900. பெட்டியில் இருக்க வேண்டியது 13,995. எண்ணினால் 12,495. குறைவு 1,500.

இங்கே உடனே பாஸ்புத்தகங்களை அள்ளிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. முதலில் அந்த எண்ணையே புரட்டிப் பாருங்கள். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 450 வாங்கிவிட்டு 540 என்று பதிந்தால் குறைவு 90. 100 வாங்கி 1,000 என்று பதிந்தால் 900. வித்தியாசத்தில் சரிபாதித் தொகைக்கு அன்றைக்கு ஒரு பரிவர்த்தனை இருந்தால், எடுப்பு டெபாசிட்டாகப் பதிவாகியிருக்கலாம்: 750 கொடுத்துவிட்டு 750 வரவு என்று போட்டால் 1,500 குறையும். தொகை அப்படியே ஒரு பரிவர்த்தனையோடு பொருந்தினால் இரட்டைப் பதிவு, அல்லது கொடுத்தது பதிவாகாமல் போனது.

ஒன்பது விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. மங்கலான வெளிச்சத்தில் 20 ரூபாய் நோட்டும் 200 ரூபாய் நோட்டும் ஏறக்குறைய ஒரே மஞ்சளாகத் தெரியும். 20 கொடுக்க வேண்டிய இடத்தில் 200 போனால் குறைவு 180. அதுவும் ஒன்பதால் வகுபடும். பதிவேட்டைப் பத்துமுறை புரட்டினாலும் இது கிடைக்காது. சில்லறை வாங்கியவரிடம்தான் கிடைக்கும்.

மேலே சொன்ன 1,500 ஒன்பதால் வகுபடாது. 750-க்கும் அன்று எதுவும் இல்லை. அப்படியானால் ஏஇபிஎஸ், அதாவது ஆதார் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையின் பக்கம் திரும்புங்கள். நூறு நாள் வேலைக் கூலி ஏறும் நாட்களிலும், குறுவை, சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையப் பணம் வங்கிக் கணக்கில் விழும் நாட்களிலும் இங்கே கூட்டம் தாங்காது. சிக்னலோ ஒற்றைக் கோட்டில் நிற்கும். கைரேகை வைத்ததும் திரை சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் தோல்வி என்று வரும். அதற்குள் பாட்டியின் போனில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. “எடுத்தாச்சுன்னு போன்ல வந்திருச்சே தம்பி, குடுத்துரு.” பிபிஎம்மும் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவார். பிறகு வங்கி அந்தத் தொகையைப் பாட்டியின் கணக்கிலேயே திருப்பிப் போட்டுவிடும். பெட்டியிலிருந்து பணம் போயிற்று. கணக்கில் பட்டுவாடா இல்லை. 1,500 அங்கேதான் இருக்கிறது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: தோல்வி என்று நம்பி அனுப்பிவிட்டார், சர்வரில் வெற்றி என்று நிற்கிறது என்றால் பெட்டியில் பணம் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் வாடிக்கையாளருடையது. இன்னொரு நாள் குறைவை அதை வைத்து அடைக்கக் கூடாது.

ஆகவே வெற்றிப் பட்டியலை மட்டும் பார்ப்பது பெரிய தவறு. தோல்வி, நிலுவை என்று காட்டும் எல்லாவற்றையும் ஆர்ஆர்என் எண்ணோடு (ஒவ்வொரு பரிவர்த்தனைக்குமான குறிப்பு எண்) எடுத்து, ஒவ்வொன்றும் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கியின் ஆப் வேறு, துறையின் மென்பொருள் வேறு. இரண்டின் அன்றைய மொத்தத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பல குறைவுகள் அரை மணி நேரத்தில் அவிழ்ந்துவிடும்.

“மெஷின் பொய் சொல்லாது” என்ற நம்பிக்கைக்கு பிரிட்டன் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. அங்கே ஹொரைசான் என்ற மென்பொருள் காட்டிய குறைவை நம்பி, 1999-க்குப் பிறகு 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அந்த மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் நீதிமன்றம் உறுதி செய்தது. 2021 ஏப்ரலில் ஒரே நாளில் 39 தண்டனைகள் ரத்தாகின. ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் 2015-ல் நடந்தது நம் வேலைக்கு நெருக்கமானது. வந்த 8,000 பவுண்டை ஏற்றுக்கொள்ளும்போது திரை உறைந்துவிட, பொத்தான் மறுபடி மறுபடி அழுத்தப்பட்டது. நான்கு முறை வரவாகி, இல்லாத 24,000 பவுண்ட் குறைவாக நின்றது. நம் ஊரிலும் பையைத் திறந்து பணம் பெற்றதாகப் பதியும் இடத்தில் திரை நின்றால் விரல் சும்மா இருக்காது. அதனால் பையோடு வந்த பிஓ ஸ்லிப்பில் (கணக்கு அலுவலகம் அனுப்பும் சீட்டு) உள்ள தொகையும், மென்பொருளில் வரவான தொகையும், எத்தனை முறை வரவானது என்பதும் சரிபார்க்கப்பட வேண்டும். 2025-ல் துறையின் புதிய மென்பொருளான ஏபிடிக்கு மாறிய பிறகும் இந்தச் சோதனை தேவைதான்.

பையிலேயே பணம் குறைந்து வந்திருந்தால், சீலையும் சணலையும் அறுத்துக் குப்பையில் போட்ட பிறகு யாரும் எதையும் சொல்ல முடியாது. முடிச்சை விட்டுத் தள்ளி அறுக்க வேண்டும். அரக்கு, சணல், பை மூன்றையும் எடுத்துவைத்து, சாட்சியோடு எண்ணி, அன்றைக்கே கணக்கு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறு ஒன்று உண்டு. கேஷ் சரியாக இருக்கிறது என்று புத்தகத்தை மூடிவிடுவது. கிளை அஞ்சலகக் கையாடல் பெரும்பாலும் பெட்டியில் தெரியாது. ஆர்டி பணத்தை வாங்கி, பாஸ்புத்தகத்தில் கையால் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுக் கணக்கில் கொண்டுவராமல் விட்டால் பெட்டி சுத்தமாகவே இருக்கும். வாரக்கணக்கில், கிளை கையில் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்புக்கு மேல் இருப்பு காட்டப்படுகிறது, அதற்கேற்ற பட்டுவாடா நிலுவையும் இல்லை, உபரியைக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பவும் இல்லை என்றால், அந்த இருப்பு தாளில் மட்டுமே இருக்கக் கூடும். அறிவிக்காமல் போய் எண்ண வேண்டிய அலுவலகம் அதுதான்.

பாஸ்புத்தகம் கேட்டு வீடு வீடாகப் போகும்போது வாய் அடக்கம் வேண்டும். “பேலன்ஸ் சரிபார்க்கணும்மா, புத்தகத்தைக் குடுங்க” என்றால் போதும். பாஸ்புத்தகம் பெற்றதற்கான எஸ்பி-28 ரசீது கொடுத்துத்தான் வாங்க வேண்டும். “பிபிஎம் பணத்தை எடுத்துட்டாராமே” என்று டீக்கடையில் ஒரு வார்த்தை விழுந்தால் மறுநாள் காலை கணக்கை மூட ஊரே வந்து நிற்கும். பதிவுப் பிழை என்று பிறகு தெரிந்தாலும் அந்தப் பெயர் போகாது.

வாக்குமூலத்தை ஆய்வாளர் சொல்லச் சொல்ல எழுத வைக்காதீர்கள். பிபிஎம் தன் சொந்த நடையில் எழுதட்டும். “எப்படிக் குறைந்தது என்று தெரியவில்லை” என்பதும் ஒரு பதில்தான். அதை “செலவழித்துவிட்டேன்” என்று மாற்றச் சொல்வது விசாரணை அல்ல. காரணம் தெரியாத குறைவை யுசிபியிலும் (வகைப்படுத்தாத செலவு), கூடுதலை யுசிஆரிலும் (வகைப்படுத்தாத வரவு) அன்றைய தேதியிலேயே காட்ட வழி இருக்கிறது. பிபிஎம் கட்டியிருந்தால் அது எந்தக் குறைவுக்கு, எந்தத் தேதிக்கு என்று ரசீதில் எழுதி வாங்க வேண்டும். பத்து நாள் கழித்து அந்த 1,500-க்கு ஆர்ஆர்என் விவரம் வந்து சேரும்போது, பணத்தை யாருக்குத் திருப்ப வேண்டும் என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.