அலுவலக நகைச்சுவைத் தொடருக்கு ஓர் அத்தியாயம் எழுதுவது எப்படி?

அலுவலகத்தைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது சிரிப்பு வசனங்களைத்தான். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அந்த அலுவலகத்தில் அன்று என்ன வேலை நடக்கிறது என்பதே. இதற்குப் பாடமாக, அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2005 மார்ச்சில் தொடங்கிய ‘தி ஆபீஸ்’ தொடரின் இரண்டாம் அத்தியாயமான ‘டைவர்சிட்டி டே’யைப் பரிந்துரைக்கிறேன். பிரிட்டனில் ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் 2001இல் தந்த மூலத் தொடரின் தொடக்க அத்தியாயத்தை ஏறத்தாழ அப்படியே எடுத்த அமெரிக்கக் குழு, சொந்தக் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கியது இதில்தான். எழுதியவர், தொடரில் தற்காலிக ஊழியராக நடித்த பி.ஜே. நோவக்.

எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைக்க நம்பத்தக்க அலுவலகக் காரணம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். நண்பர்கள் கூட்டத்தில் பிடிக்காதவர் எழுந்து போய்விடலாம். மேலாளர் கூட்டிய கூட்டத்திலிருந்து அப்படிப் போக முடியாது என்பதே இவ்வகை நகைச்சுவையின் அடித்தளம். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் ராக்கின் மேடை நகைச்சுவை ஒன்றை மேலாளர் மைக்கேல் ஸ்காட் அலுவலகத்தில் நடித்துக் காட்டியதால் புகார் எழ, இன வேறுபாடுகளை மதிப்பது பற்றி வகுப்பெடுக்கத் தலைமையகம் ஒருவரை அனுப்புகிறது. வகுப்புக்குக் காரணமே தான்தான் என்பதைச் செரிக்க முடியாத மைக்கேல், வந்தவர் போனதும் போட்டி வகுப்பு நடத்தி, ஊழியர்களின் நெற்றியில் இனப் பெயர் எழுதிய அட்டைகளை ஒட்டச் செய்கிறார்; மற்றவர்கள் தரும் குறிப்பை வைத்துத் தன் அட்டையில் இருப்பதை ஒவ்வொருவரும் ஊகிக்க வேண்டும்.

இங்கே நிறுத்திக் கவனியுங்கள். விற்பனையாளர் ட்வைட்டின் நெற்றியில் ‘ஆசியர்’ என்றிருக்கிறது. குறிப்புக் கொடுக்க வேண்டிய வரவேற்பாளர் பாம், இதில் தனக்கு உடன்பாடில்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு, அவர் வண்டி ஓட்டுவதில் அவ்வளவு கெட்டிக்காரராக இருக்க மாட்டார் என்கிறார்; உடனே ட்வைட், தான் ஒரு பெண்ணா என்று கேட்கிறார். பாமின் சங்கடத்திலிருந்து ஆசியரைப் பற்றிய முன்முடிவும், ட்வைட்டின் ஊகத்திலிருந்து பெண்களைப் பற்றிய அவருடைய முன்முடிவும் ஒரே நொடியில் வெளிப்படுகின்றன. வேறொருவர் வாயில் வைத்தால் செத்துவிடும் வசனமே நல்ல வசனம். இந்திய உச்சரிப்பைக் கேலி செய்யும் மைக்கேலை இந்திய வம்சாவளி ஊழியர் கெல்லி அறைந்துவிடுவதால், சிரிப்பு கேலிக்குள்ளானவர்மேல் விழாமல் கேலி செய்தவர்மேல் விழுகிறது. கூச்சம் தரும் பொருளைத் தொடுபவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிடக் கூடாது. (கெல்லியாக நடித்தவர் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான மிண்டி கேலிங், இயற்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம், தந்தை தமிழர்.)

கிளைக்கதையில் பணம் இருக்கட்டும். இன்னொரு விற்பனையாளரான ஜிம்முக்கு ஆண்டுக் கமிஷனில் கால் பங்கைத் தரும் வாடிக்கையாளர் ஒருவர் அன்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதைக் கொண்டாட ஜிம் சிறிய ஷாம்பெயின் புட்டி ஒன்றையும் வைத்திருக்கிறார். வகுப்புகளின் குறுக்கீட்டில் அந்த விற்பனை ட்வைட்டின் கைக்குப் போய்விடுகிறது. ஆனாலும் கூட்டத்தின் முடிவில் பாம் ஜிம்மின் தோளில் சாய்ந்து தூங்கிவிட, அன்று அப்படியொன்றும் மோசமான நாள் இல்லை என்று அவர் கேமராவிடம் சொல்வது பொருந்துகிறது. இழப்பு இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டால் அந்தத் தோளுக்கும் எடை இருந்திருக்காது.

‘தி ஆபீஸ்’ போல, படக்குழு ஒன்று அலுவலகத்தைப் படம்பிடிப்பதாகக் காட்டும் ஆவணப்பட பாணியில் எழுதுவதானால், பின்னணிச் சிரிப்பொலியை நம்ப முடியாது. பாத்திரம் தனிப் பேட்டியில் தன்னைப் பற்றிச் சொல்வதை அடுத்த காட்சி பொய்யாக்க வேண்டும். அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரங்கள் போகக் கிடைப்பது சுமார் 22 நிமிடங்களே என்பதால், கூடுதலாக எழுதி வெட்டுங்கள்.

ஒளிபரப்புக்குப் பின் எண்ணிக்கையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். முதல் அத்தியாயத்தை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, ‘டைவர்சிட்டி டே’யைப் பார்த்தவர்கள் சுமார் 60 லட்சம் பேர்தான். பார்வையாளர்களின் புகார் எதைப் பற்றியது என்று பிரித்துப் பாருங்கள். மேலாளர் முட்டாள் என்பது புகாரே அல்ல, அது தொடரின் மூலதனம். இப்படிப்பட்டவர் எப்படி மேலாளரானார் என்று பார்வையாளர் கேட்டால்தான் திருத்தம் தேவை. இரண்டாம் பருவத்தில் வந்த ‘தி கிளையன்ட்’ அத்தியாயம் அதற்குப் பதில் தருகிறது: உணவகத்தில் வாடிக்கையாளரோடு அரட்டையடித்துப் பொழுதை வீணாக்குவதாகத் தோன்றும் மைக்கேல், கடைசியில் அந்த விற்பனையைக் கச்சிதமாக முடிக்கிறார். சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது 2006இல் கிடைத்தது அந்தப் பருவத்துக்குத்தான்.